கதவு ஏழு தடவை திறந்தது

அத்தியாயம் 19

"அத்தை படத்தப் பாக்கட்டும். வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா, படம் வெளிய வராது."

போன வாரம் சாப்பாட்டு மேசையில் ஷர்மினி கொடுத்த வாக்கு இது. அவளே எடுத்த படம். இரண்டு வருட உழைப்பு அது.

இன்று சனிக்கிழமை. அத்தை படம் பார்க்கும் நாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடலாம்.

முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னால், மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், கல்யாண வீடியோ எடுப்பவரிடம் இரவல் வாங்கிய காமிராவில் ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்கள். 'மாப்பிள்ளை எந்த லயம்?' என்று பெயர். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், மேல் டிவிஷன் ஏழாவது லயத்துக்குப் போவதற்குப் பதிலாகக் கீழ் டிவிஷன் ஏழாவது லயத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு டிவிஷனிலும் ஏழாவது லயம் உண்டு. இரண்டிலும் நாலாம் நம்பர் வீடு உண்டு. போன வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்து தொலைக்கிறாள். வெயிலில் பசியோடு வந்தவர்கள் உட்கார்ந்து சோறும் சாப்பிட்டுவிடுகிறார்கள். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அப்புறம் எழுந்து போக முடியுமா? இங்கே, சரியான வீட்டில், பொட்டும் பூவுமாக ஒரு பெண் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் பெண்ணாகச் சேலை கட்டி நடித்தவர் பத்துமலை, ஷர்மினியின் அப்பா. கதை என்ற இடத்திலும் அவர் பெயர்தான். கேசட் கைமாறிக் கைமாறிப் பேராக் முழுவதும் போயிற்று. இன்றைக்கும் சந்தையில் அவரைப் பார்த்தால், "என்னண்ணே, மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

அது நடந்த கதை என்பதும், வாசலில் நின்றது அப்பாவின் சொந்த அக்கா ராக்காயி என்பதும் ஷர்மினிக்கு இரண்டு வருடங்களுக்கு முன்புதான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி எடுத்தாள். 'மாப்பிள்ளை எந்தத் தாமான்?' என்று பெயர் வைத்தாள். தாமான் என்றால் இந்தக் காலத்துக் குடியிருப்பு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு வானொலிப் பேட்டியில், "பழைய படம், எங்கப்பா அவர் சொந்த அக்காவையே கேலி பண்ணி எடுத்தது. என் படம் அதுக்கு மன்னிப்பு" என்றும் சொல்லிவிட்டாள்.

அன்று முதல் அப்பா மகளோடு பேசுவதில்லை.

*

ஜெலாப்பாங் வீட்டில் காலை ஒன்பது மணி.

"அம்மா, அப்பா காடியில வாராங்களான்னு கேளுங்க."

"உங்க மக கேக்குறா, காடியில வாரீங்களான்னு."

"மோட்டார்ல வாரேன்னு சொல்லு."

கலாதேவி கையிலிருந்த மீன் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் என்ன போஸ்ட்மேனா? ரெண்டு பேரும் ஒரே அறையில நிக்கிறீங்க. நடுவுல மேசைகூட இல்ல."

"நீங்களும் வாங்களேம்மா."

"எனக்கு ரெண்டு படமும் தெரியும்லா. பழசுல என் புருசன் பொம்பள. புதுசுல என் புருசன் வில்லன். நான் வீட்ல இருந்து மீனக் கழுவுறேன். மீனாச்சும் என்னை நேரா பாக்குது."

பத்துமலை ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஐம்பத்தெட்டு வயது. தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வானொலியில் பேட்டி வந்தபோது அவர் அந்த வண்டிமேல்தான் இருந்தார் என்பது ஷர்மினிக்குத் தெரியாது.

முன்னறைக் கதவு திறந்தது. ராக்காயி வந்தாள். அறுபத்தொரு வயது. தோட்டத்தை விட்டு வந்தபின் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம், அதில் கடைசி ஒன்பது வருடம் லைன் லீடர். ஓய்வு பெற்றும் மணிக்கட்டைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

"ஒம்பது இருபதுக்குக் கிளம்பினா சரியா இருக்கும்" என்றாள்.

காடியில் ஷர்மினி இரண்டு சிக்னல் வரைக்கும் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"அத்தை, மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"கொதிக்கிறதுக்கு முன்னாடி உப்பு பாக்கச் சொல்றியே. பேசாம ரோட்டப் பாத்து ஓட்டு."

*

ஈப்போ பழைய நகரத்தில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, அறுபது நாற்காலி போடும் சின்ன அரங்கம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். படத்தில் வேலை செய்தவர்கள், சொந்தக்காரர்கள், பழைய படத்தைத் தோட்டத்தில் பார்த்தவர்கள் என்று கலவையான கூட்டம். ஆளுக்கொரு தாள் கொடுத்தாள் ஷர்மினி. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'பழையது', வலது பக்கம் 'புதியது'. தோன்றியதை எழுதலாம்.

பத்துமலை கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்தார். தாள் வாங்கிக்கொள்ளவில்லை.

முதலில் பழையது. மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம்.

திரையில் கோடு கோடாக ஓடியது. வண்ணம் வெளுத்துப் போயிருந்தது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் வீட்டுக் கோழி கத்தியது. ஆனாலும் பத்தாவது நிமிடத்திலேயே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. கீழ் டிவிஷன் வீட்டில் அந்தப் பேராசைக்காரப் பெண், தங்கப்பல் தெரிய இளித்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு வைத்த பலகாரத்தைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டபோது ஒரு பெரியவருக்குப் புரை ஏறியது.

பிறகு கதவுக் காட்சி வந்தது.

காமிரா அசையாது. ஒரு லயத்து வீடு, ஒரு கதவு, அவ்வளவுதான். கதவு திறக்கிறது. சேலை கட்டிய பத்துமலை வந்து ரோட்டைப் பார்க்கிறார், உள்ளே போகிறார். மறுபடி திறக்கிறது. பூ ஒரு பக்கம் சரிந்திருக்கிறது.

"இப்பப் பூவத் தொடணும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

திரையில் பத்துமலையின் கை பூவைத் தொட்டது.

ஷர்மினி திரும்பினாள். பக்கத்தில் அத்தை. கண் திரையில். உதடு மட்டும் அசைந்தது. "ஒன்னு... ரெண்டு... மூணு. திரும்பு."

திரையில் பத்துமலை திரும்பினார். அரங்கம் சிரித்தது.

மூன்றாம் தடவை ஒருத்தி சைக்கிளில் வந்து, இரவல் கொடுத்த சங்கிலியைத் திருப்பிக் கேட்கிறாள். பத்துமலை அதை, பதவி போன மந்திரி மாலையைக் கழற்றுவது மாதிரி, ரொம்ப மரியாதையாகக் கழற்றிக் கொடுக்கிறார். படத்திலேயே பெரிய சிரிப்பு அந்த இடத்துக்குத்தான். அங்கே மட்டும் அத்தையின் உதடு அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

நாலாம் தடவை பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவர் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து. அடுத்த தடவை கேசரித் தட்டு அவர் மடியில், பாதி காலி. ஆறாவது தடவை விருந்தாளிக்கு வைத்திருந்த தேத்தண்ணியைக் கோழிகளுக்கு முன்னால் வைத்து, "சீனி போதுமா?" என்று விசாரிக்கிறார்.

"இப்ப முழுக்கை சட்டை" என்றாள் அத்தை.

ஏழாம் தடவை கதவு திறந்தபோது பத்துமலை முழுக்கை சட்டையும் தலைத்துணியுமாக இருந்தார். கையில் கித்தாப் பால் வாளி. முகத்தில் மட்டும் பவுடர் அப்படியே. இந்தத் தடவை ரோட்டைப் பார்க்கவில்லை. பாலுக்கு மரம் வெட்டப் போகிறவள் நடக்கிற நடையில் நடந்து படத்தை விட்டு வெளியே போய்விட்டார்.

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

"அத்தை, உங்களுக்கு எப்படி—"

"உன் படத்தப் போடு. அப்புறம் பேசலாம்."

*

புதியது ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம்.

லயம் போய்த் தாமான் வந்திருந்தது. ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று இரண்டிலும் தெருவுக்கு ஒரே ஜாலான் நம்பர். மாப்பிள்ளையின் காடியைக் கைப்பேசி தவறான வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. அதற்கு நல்ல சிரிப்பு கிடைத்தது. தவறான வீட்டுப் பெண், வந்தவர்கள் முன்னாலேயே தட்டைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டு, அள்ளி அள்ளித் தின்றாள். அதற்கும் கிடைத்தது.

கதவு மட்டும் ஒரே ஒரு தடவை திறந்தது.

வயலின் ஒலித்தது. பெண்ணின் முகம் திரை முழுக்க. சங்கிலி கழுத்தை விட்டு மெல்ல, மிக மெல்ல இறங்கியது. ஒரு சொட்டுக் கண்ணீர். முன் வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. ஷர்மினி எதிர்பார்த்தது அதைத்தான். எடிட்டிங் அறையில் அவளே மூன்று முறை அழுத இடம்.

கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வரி: 'எல்லாராலும் சிரிக்கப்பட்ட என் அத்தை ராக்காயிக்கு.'

விளக்கு வந்ததும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே திரும்பி அத்தையைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்கக்கா. தெரியாம நானும் அந்தக் காலத்துல சிரிச்சுட்டேன்."

"பரவால்லம்மா" என்றாள் ராக்காயி, பல் பிடுங்கப் போனவள் டாக்டரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்போடு.

ஷர்மினி கடைசி வரிசையைப் பார்த்தாள். அப்பாவின் நாற்காலி காலி.

தாள்களை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போதே சிலவற்றைப் படித்தாள். 'பழையதில் வெளிச்சம் இல்லை. ஆனால் வயிறு வலிக்கச் சிரித்தேன்.' 'புதியதில் அழுதேன். அருமை.' 'பழையதில் கோழி நன்றாக நடித்திருக்கிறது.' 'புதிய படம் பெண்களை மதிக்கிறது.' அத்தையின் தாள் வெறுமையாக இருந்தது. அதை நாலாக மடித்து அழகாகத் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

*

கீழே முத்து முகம்மதுவின் கடை. சுவர் ஓரத்து மேசையில் பத்துமலை தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் பால் விடாத தே ஓ, குடிக்காமல்.

"பத்துமலை அண்ணே! மாப்பிள்ளை வந்தாச்சா?" என்றார் முத்து முகம்மது, ரொட்டி வீசிக்கொண்டே. வழக்கமாக இதற்கு, "தாப்பா ரோட்டுல டயர் வெடிச்சிருச்சாம், நாளைக்கு வாராராம்" என்று பதில் வரும். இன்று வரவில்லை. முத்து முகம்மது இரண்டு பெண்களும் வருவதைப் பார்த்துவிட்டு, ரொட்டிக் கல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்துமலை எழுந்தார்.

"உக்காரு" என்றாள் ராக்காயி. அவர் உட்கார்ந்தார். "நீயும் உக்காரு." ஷர்மினியும் உட்கார்ந்தாள்.

"அத்தை, படம் சரியா, வேணாமா? ஒரே வார்த்தை போதும்."

"ஒரு வார்த்தையில முடியாது. மூணு விஷயம் இருக்கு. வரிசையா சொல்றேன், நடுவுல பேசாத."

ஷர்மினி தலையாட்டினாள்.

"முதலாவது. உங்கப்பா என்னைக் கேலி பண்ணல. அவன் கட்டினது என் சேலை. போட்டது என் பவுடர். நடந்தது என் நடை. கதவு ஏழு தடவ, எங்க பூவத் தொடணும், எங்க எண்ணணும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. எழுதினதே நான்தான்."

"அக்கா, வேணாம்" என்றார் பத்துமலை.

"முப்பத்தாறு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்த. போதும்டா."

ராக்காயி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "அந்தச் சம்பவம் நடந்ததும் எங்கம்மா நாலு நாளு சாப்பிடல. லயத்துப் பொம்பளைங்க சாவு வீட்டுக்கு வர்ற மாதிரி வருவாங்க. கையப் புடிச்சுக்குவாங்க. இப்ப மேல ஒரு அம்மா புடிச்சாங்களே, அதே புடிதான். அஞ்சாவது நாளு எனக்கு வெறுத்துப் போச்சு. அடுப்படிக் கதவுல நின்னு அப்படியே நடிச்சுக் காட்டினேன். கோழிக்குத் தேத்தண்ணி குடுத்ததும் எங்கம்மா சிரிச்சுச்சு பாரு, வாயில வெச்ச சோறு மூக்கு வழியா வந்துருச்சு. இவன் நாடகத்துல இருந்தான். 'அக்கா, இத நான் படம் புடிக்கிறேன்'னான். எடுத்துக்க, ஆனா என் பேரு வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். தன்னைப் பாக்க வராத மாப்பிள்ளையப் பத்தித் தானே எழுதிச் சிரிக்கிறாள்னு தெரிஞ்சா, அடுத்த வரன் வருமா?"

"வந்துச்சா அத்தை?"

"ரெண்டு வந்துச்சு. சரியா மேல் டிவிஷனுக்கே வந்தாங்க. எனக்குத்தான் புடிக்கல."

ஷர்மினி அப்பாவைப் பார்த்தாள். "ஏம்பா சொல்லல? ரேடியோவுல நான் அப்படிச் சொன்னதுக்கு அப்புறமாவது?"

பத்துமலை அக்காவைப் பார்த்தார். "அவகிட்டச் சொல்லுக்கா, நான்—"

"நேரா சொல்லு. நான் கலா இல்ல."

அவர் கிளாஸைச் சுற்றினார். "சத்தியம் பண்ணிட்டு எப்படிம்மா சொல்றது? வேலை எடத்துல ரேடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் ஃபோர்க்லிஃப்ட் மேல. நீ பேசுறேன்னு எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சிருந்தேன். என் மக பேசுதுன்னு. நீ சொன்னதும் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் என்ன பண்றது? மேல இருந்த பெட்டியக் கீழ இறக்கி வெச்சேன்."

ஷர்மினி மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினாள். அவர் கையைத் தரவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"மன்னிச்சிருங்கப்பா. அந்தக் கடைசி வரிய எடுத்துர்றேன். அத்தை பேரையே கதைன்னு போடுறேன்."

"அது ரெண்டாவது விஷயம்" என்றாள் ராக்காயி. "கதவ ஒரு தடவ தொறந்து அழ வெச்சிருக்க. நான் ஏழு தடவ தொறந்தது அழாம இருக்கத்தான். ஆனா அதக்கூடத் திருப்பி எடுத்துக்கலாம், கஷ்டம் இல்ல. மூணாவதுதான் சூசா."

"என்ன?"

"அந்தத் தங்கப்பல்லுக்காரி."

ஷர்மினிக்குப் புரியவில்லை. "தப்பான வீட்டுப் பொண்ணா? அதுக்குத்தான் அத்தை நல்லாச் சிரிச்சாங்க. பழசுலயும், புதுசுலயும்."

"சிரிச்சாங்க. அதான் சொல்றேன். பழசுல எத விடணுமோ அத மாத்திட்ட. எத மாத்தணுமோ அத அப்படியே விட்டுட்ட. பல்லுதான் இல்ல, அதுக்குப் பதிலா போன் குடுத்திருக்க."

கடையில் யாரோ பில் கேட்டார்கள். ராக்காயி சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"செல்லாயின்னு பேரு. கீழ் டிவிஷன். காலையில பெரட்டுல வரிசையா நிக்க வெச்சுப் பேரு கூப்பிடும்போது அவ எனக்கு அடுத்தவ. மரம் வெட்டுறது அடுத்தடுத்த நெறை. சோத்துப் பாத்திரம் ரெண்டு பேருக்கும் ஒன்னு. அன்னிக்குக் காலையில கைக்குட்டையில சுத்தி ரெண்டு பவுன் சங்கிலியக் கொண்டாந்து குடுத்தா. 'கழுத்து வெறுமையா நிக்காதடி, போட்டுக்க'ன்னா."

பத்துமலை நிமிர்ந்தார். "சங்கிலி செல்லாயிக்காவோடதா? நீ பக்கத்து வீட்டுதுன்னு சொன்ன."

"உன்கிட்டயும் சொல்லல. பன்னெண்டு மணிக்கு அவ அண்ணி சைக்கிள்ல வந்துச்சு. 'செல்லாயியப் பொண்ணு பாக்கத் திடீர்னு வந்துட்டாங்க, சங்கிலி வேணுமாம்'னு. நான் கழட்டிக் குடுத்தேன். சந்தோஷமாத்தான் குடுத்தேன். நல்லா இருக்கட்டும்னு குங்குமமும் பூவும் குடுத்துவிட்டேன். ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் அமையுதேன்னு நெனச்சேன். மூணு மணிக்கு மேலதான் தெரிஞ்சுச்சு, அங்க உக்காந்திருக்கிறது யாருன்னு."

"அவங்களுக்குத் தெரியுமா அத்தை? தெரிஞ்சா சங்கிலியக் கேட்டாங்க?"

"தெரியாது. அவளுக்கும் கை நனைச்சதுக்கு அப்புறந்தான் தெரியும். அதுக்கு மேல அவ என்ன பண்ணுவா? அப்பன் வாக்குக் குடுத்துட்டான்." ராக்காயி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "எனக்குக் கோவம். யார் மேலன்னு தெரியல. பேனா என் கையில இருந்துச்சு. அவளுக்குத் தங்கப்பல்லு வெச்சேன். பலகாரத்த அள்ளித் திங்க வெச்சேன். தீபாவளிக்குத் தோட்டத்து ஹால்ல போட்டாங்க. அவ வயித்துப்புள்ளையோட, அவங்கம்மாவோட வந்திருந்தா. சங்கிலி காட்சியில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, அவ எந்திரிச்சா. நான் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். என்னை ஒரு பார்வை பாத்தா. போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது."

முத்து முகம்மது எதுவும் கேட்காமல் மூன்று கிளாஸ் தே தாரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"நீ என்கிட்ட அனுமதி கேட்ட. நல்ல புத்தி. என் பாதிக்கு நான் சரின்னு சொல்லலாம். இன்னொரு பாதி அவளோடது. அவளை யாரு கேட்டா?"

ஷர்மினி இரண்டு வருடத்தில் நாற்பத்தேழு பேரிடம் கருத்துக் கேட்டிருந்தாள். இந்தப் பெயர் அதில் இல்லை.

"அவங்க எங்க இருக்காங்க?"

"தைப்பிங். நம்பர் இருக்கு. எட்டு வருஷமா இருக்கு." ராக்காயி கைப்பேசியை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை, நேராக அமுக்கினாள். மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். முதலில் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம். பிறகு குரல்.

"யாரு?"

"ராக்காயி."

எந்த ராக்காயி என்று அந்தக் குரல் கேட்கவில்லை.

"சொல்லு."

"என் தம்பி மக படம் எடுத்திருக்கா. பழைய கதை. உன்னைக் கேக்காம—"

"ரேடியோவுல கேட்டேன்."

"அதுல சொன்னது தப்பு. பழச எழுதினது தம்பி இல்ல, செல்லாயி. நான்."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, செருமலா என்று தெரியவில்லை. "இதச் சொல்லவா போன் அடிச்ச? அன்னிக்கே தெரியும்லா. உன் தம்பி பெரட்டுக்கு எந்திரிக்கவே ஆள் போயி எழுப்பணும். அவன் உக்காந்து எழுதினானாமா?"

பத்துமலை மேசையைப் பார்த்துக்கொண்டார்.

"எழுதினதெல்லாம் சரிடி. தங்கப்பல்லு எதுக்கு? எனக்கு ஏது தங்கப்பல்லு?"

லைன் லீடராக நூற்றிருபது பேருக்குப் பதில் சொன்ன ராக்காயி கைப்பேசியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"தப்புதான்" என்றாள்.

"ம்." மழை கொஞ்சம் தணிந்தது. "ஸ்கூல்ல புள்ளைங்க என் மகன 'தங்கப்பல்லு மகன்'னு கூப்பிட்டாங்க. அத விடு. அவன் இப்ப பெரியவன், அவனே சொல்லிச் சிரிக்கிறான். புதுப்படத்துல நான் எப்படி வாரேன்?"

ஷர்மினிதான் கைப்பேசிப் பக்கம் குனிந்தாள். "அம்மா, நான் ஷர்மினி. படத்த எடுத்தவ. மோசமாத்தாம்மா வாரீங்க. திருப்பி எடுக்கிறேன். நீங்க வேணாம்னா அத்தனையும் நிப்பாட்டிர்றேன்."

"நிப்பாட்டாத. ஒன்னு கேக்குறேன், அத மட்டும் சொல்லு. மாப்பிள்ளை வீட்டு வேனு தோட்டத்துக்குள்ள வந்தப்ப ஜங்ஷன்ல நிப்பாட்டி வழி கேட்டாங்கல்ல, அது உன் படத்துல இருக்கா?"

ஷர்மினி அத்தையைப் பார்த்தாள். பழைய படத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை. அவளுடையதிலும் இல்லை.

"இல்லம்மா. நம்பர் குழம்பிப் போய்த்தானே—"

"நம்பர் நம்பர்னு சொல்லியே எல்லாரும் சிரிச்சீங்க. அவங்க சரியா மேல் டிவிஷன்னுதான் கேட்டாங்க. ஒருத்தன் கைய நீட்டிக் கீழ காட்டியிருக்கான். கேசட்டு தைப்பிங்குக்கு வந்தப்ப எங்க வீட்டுக்காரர் பாத்தாரு. சேலை கட்டியிருந்தாலும் மொகத்த அடையாளம் தெரிஞ்சுக்கிட்டாரு. 'செல்லாயி, இவன்தான் வழி காட்டினவன்'னாரு. சாகுற வரைக்கும் அத வெளிய சொல்லல, நானும் சொல்லல. அந்தக் காட்சிய வை. தங்கப்பல்லு வேணும்னாலும் வெச்சுக்க, எனக்குக் கவலை இல்ல. அது இல்லாம உன் படம் வரக்கூடாது."

"யாரும்மா காட்டினது?"

"பழைய படத்துல சேலை கட்டினது ஒருத்தன்தானே. பக்கத்துல இருந்தா அவனையே கேளு."

தொடர்பு நின்றது.

ராக்காயி மெல்லத் திரும்பினாள். "அன்னிக்கு உன்னைத்தான் ஜங்ஷனுக்கு அனுப்புனோம். கூட்டிக்கிட்டு வான்னு. வேனே வரலைன்னு வந்து சொன்னியே."

பத்துமலையின் நெற்றியில் வியர்வை. காற்றாடி நேராக அவர் மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"தெரியாமக் காட்டினியாடா? தெரிஞ்சா?"

அவர் மகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார்.

"ஷர்மினி, காடியை எடும்மா" என்றார். "தைப்பிங் போலாம். அக்காவும் செல்லாயிக்காவும் ஒரே எடத்துல உக்காரணும். இத என்னால ரெண்டு தடவ சொல்ல முடியாது."